சாணக்கியரை மீட்ட மைசூர் சாஸ்திரியார்

மந்திரிக்கு ஆண்டுக்கு 48,000 பணம். எழுதிக் கணக்குப் பார்க்கும் குமாஸ்தாவுக்கு 500! சாணக்கியர் வகுத்த சம்பளப் பட்டியல் இது. எழுத்து கோணலானாலும், ஓலை கறுத்திருந்தாலும் குற்றம் என்கிறார். இதெல்லாம் நமக்குத் தெரியக் காரணமானவர் ஆர். சாமசாஸ்திரி.

1868-ல் காவிரிக்கரை ருத்ரபட்டணத்தில் பிறந்த அவர், மைசூர் சமஸ்தானத்தின் ஓரியண்டல் லைப்ரரியில் நூலகராக இருந்தார். தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அங்கே ஓர் ஏட்டுக்கட்டைக் கொடுத்துப் போனார். மொழி சமஸ்கிருதம், எழுத்தோ நம் தமிழ்நாட்டில் வழங்கிய கிரந்தம். அலமாரியில் அடுக்கியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? சாஸ்திரியார் பிரித்துப் படித்தார். 1905-ல் உண்மை தெரிந்தது: மற்ற நூல்களின் வாயிலாகப் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த அர்த்தசாஸ்திரம்!

ஓலையைப் பூச்சி அரிக்கும். அது மட்குமுன் யாராவது எழுத்தாணி பிடித்துப் புதிய ஓலையில் படியெடுக்க வேண்டும். ஒரு தலைமுறை சோம்பினால் நூல் போயிற்று. அப்படிக் கைமாறிக் கைமாறி வந்ததை, சாஸ்திரியார் 1909-ல் அச்சேற்றினார். அவரது ஆங்கில மொழிபெயர்ப்பு 1915-ல் நூலாக வெளிவந்தது. உலகப் பண்டிதர்கள் வியந்தனர். பட்டங்கள் தேடி வந்தன. 1944-ல் அவர் காலமானார்.

தஞ்சையிலிருந்து வந்த அந்த ஏடு இன்றும் மைசூரில்தான், அதே நூலகத்திலிருந்து வளர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது.