பொறி பறக்க வைத்த பட்டறைக்காரர்

பழைய அம்பாஸிடர் காரின் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். நாலு தடித்த ஒயர்கள் நாலு பிளக்குகளின் தலையில் போய் முடியும். நம் ஊர் மெக்கானிக்குகள் வெகு காலம் மைக்கோ பிளக் என்றே அதைக் கேட்டு வாங்கினார்கள். மைக்கோ என்பது 1951ல் பெங்களூரில் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர். 2008ல் அது பாஷ் லிமிடெட் ஆயிற்று. அந்தப் பெயருக்குரிய ராபர்ட் பாஷ் ஜெர்மானியர், 1942லேயே காலமானவர். வேடிக்கை என்னவென்றால், அவரைப் பிரபலமாக்கிய பிளக்கை அமைத்தவர் அவரல்ல!

உல்ம் நகரை அடுத்த அல்பெக் கிராமத்தில் 1861 செப்டம்பர் 23ந் தேதி பாஷ் பிறந்தார். தகப்பனார் சத்திரம் நடத்திய வசதியுள்ள குடியானவர். பன்னிரண்டு குழந்தைகளில் இவர் பதினோராவது. பையனை உல்மில் ஒரு நுண்கருவிப் பட்டறையில் தொழில் பழகச் சேர்த்தார்கள். அந்தப் பட்டறை முதலாளியோ சொல்லிக் கொடுப்பதில் அக்கறையில்லாதவர். ஒழுங்காகக் கற்க முடியாமற் போன அந்தக் குறை பாஷின் மனத்தில் கடைசி வரை இருந்தது. அவர் பிற்காலத்தில் செய்த பல காரியங்களுக்கு அதுதான் வித்து என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கா சென்று எடிசன் ஸ்தாபனத்திலும், இங்கிலாந்தில் சீமென்ஸ் கம்பெனியிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். 1886 நவம்பரில் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு கட்டிடத்தின் பின்புறம் சொந்தப் பட்டறை பிறந்தது. பிதுரார்ஜிதமாக வந்த 10,000 மார்க் முதல்; ஒரு மெக்கானிக், ஒரு எடுபிடிப் பையன், அவ்வளவுதான் ஆள்பலம். டெலிபோன் பொருத்துவது, மின்சார மணி பழுது பார்ப்பது என்று எது வந்தாலும் செய்தார்கள். கையில் காசு நிற்கவில்லை.

அந்நாளில் மோட்டார் யந்திரக்காரர்களை வாட்டிய பெரிய தொல்லை, சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியைச் சரியான கணத்தில் பற்ற வைப்பதுதான். டெய்ம்லர் பழுக்கக் காய்ச்சிய குழாயை உபயோகித்தார். பென்ஸ் பாட்டரியை நம்பினார். அதுவோ சீக்கிரம் தீர்ந்து போகும். யந்திரம் சுழலும்போது தானே மின்சாரம் உண்டாக்கும் மாக்னெட்டோவை, ஓரிடத்தில் நிலையாக நிற்கும் யந்திரங்களுக்காக 1887 முதலே பாஷ் செய்து வந்தார். 1897ல் அதைத் திருத்தி ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் பொருத்தினார்கள். வண்டி ஓடிற்று. ஆனால் பொறி உண்டாக, சிலிண்டருக்குள்ளேயே அசையும் உறுப்புகள் வேண்டியிருந்தன. அவை தேயும், கரி படியும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் காட்லோப் ஹோனோல்ட். சிறு பையனாக அதே பட்டறையில் தொழில் பழகி, பிறகு படிக்கப் போய், 1901ல் என்ஜினீயராகத் திரும்பியவர். மாக்னெட்டோவிலேயே உயர் அழுத்த மின்சாரத்தை உண்டாக்கி, ஒயர் வழியே ஒரு பிளக்குக்கு அனுப்பினார். பிளக்கின் இரு முனைகளுக்கிடையே பொறி தாவிற்று. உள்ளே அசைவதற்கு ஒன்றுமில்லை. 1902 ஜனவரியில் பேடண்ட் கிடைத்தது. பிளக் என்னும் பொருள் முன்பே உண்டு. பிரெஞ்சு நாட்டில் லெனுவார் 1860லேயே கையாண்டிருந்தார். மாக்னெட்டோவும் பிளக்கும் சேர்ந்து நம்பகமாக உழைத்ததுதான் புதுமை.

பாஷின் பங்கு என்ன? கண்டிப்பு! தரம் குறைந்த சரக்கு தம் வாசலைத் தாண்டக் கூடாது என்பதில் அவர் விட்டுக் கொடுத்ததில்லை. தரையில் கிடந்த காகிதக் கிளிப்பை எடுத்து, இது என்னவென்று ஓர் ஊழியரைக் கேட்டாராம். கிளிப் என்று பதில் வந்ததும், இல்லை, இது என் பணம் என்று திருத்தினாராம்.

அந்தக் கண்டிப்பின் அவசியம், பழைய காரில் பிளக் மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என்ஜின் ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். ஒயர்களை ஒவ்வொன்றாகவே கழற்ற வேண்டும். இடம் மாறினால் என்ஜின் இருமும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளாமல் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். முனைகளின் இடைவெளி பழைய கார்கள் பலவற்றில் 0.6 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். காரின் கையேடு சொல்லும் அளவை ஃபீலர் கேஜ் வைத்துச் சரி பார்க்க வேண்டும். அகன்றால் பொறி தாவத் திணறும், குறுகினால் மெலியும். முதலில் கை விரலாலேயே மரையில் ஏற்ற வேண்டும். எடுத்தவுடன் ஸ்பானர் போட்டு முறுக்கும் ஆசாமியிடம் அலுமினிய ஹெட் அகப்பட்டால் மரை போயிற்று! வாஷர் உட்கார்ந்த பின் ஸ்பானரால் சிறிதளவே திருகினால் போதும். எவ்வளவு என்பது பிளக் டப்பாவிலேயே இருக்கும். லூசாக விட்டாலும் ஆபத்து. பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்க வழியில்லாமல் அதன் முனை கருகிவிடும்.

பாஷின் மாக்னெட்டோவுக்கும் பிளக்குக்கும் உலகெங்கும் கிராக்கி ஏற்பட்டது. 1906ல் தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலை வழங்கினார்; மற்ற முதலாளிகள் அவருக்குச் சிவப்பு பாஷ் என்று பெயர் சூட்டினர். எனினும் 1913ல் அவர் தொழிற்சாலையிலேயே பெரிய வேலை நிறுத்தம் மூண்டது, மனம் நொந்தார். அதே ஆண்டில்தான் பயிற்சிப் பையன்களுக்கென்று தனிப் பட்டறையும் ஏற்படுத்தினார். முதல் மகா யுத்தத்தில் வந்த லாபம் அவருக்கு உறுத்தியது. 1916ல் நெக்கார் நதிக் கால்வாய்க்காக 1 கோடி 30 லட்சம் மார்க் நன்கொடை கொடுத்தார்.

ஹிட்லர் காலம் அவருக்குச் சோதனையாயிற்று. எதிர்ப்பாளரான கோயெர்டலரை 1937ல் ஆலோசகராக வைத்துக்கொண்டார். யூதர்கள் பலருக்கு உதவினார். ஆனால் யுத்த தளவாடங்களும் அதே தொழிற்சாலைகளில் தயாராயின. பிற நாட்டவர் ஆயிரக்கணக்கில் அங்கே கட்டாய வேலை வாங்கப்பட்டனர். அவர் வரலாற்றில் இதை மறைப்பதற்கில்லை.

1942 மார்ச் 12ந் தேதி, காதில் ஏற்பட்ட நோய் முற்றிக் காலமானார். அவர் வெறுத்த அரசாங்கமே அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கை நடத்திற்று. அவர் எழுதி வைத்த உயிலை அனுசரித்து, 1964ல் கம்பெனியின் பெரும்பாலான பங்குகள் ஓர் அறநிலையத்தின் கைக்கு வந்தன. 1940ல் அவர் ஸ்டுட்கார்ட்டில் திறந்து வைத்த ஆஸ்பத்திரியையும் இன்று அந்த அறநிலையமே ஆதரித்து வருகிறது.