உதயகிரிக் கோட்டையின் தளபதி டிலனாய்



ஜூபிலி என்பது நன்றி கூறும் காலம். தமிழ் மண்ணில் விசுவாசத்தை விதைத்தவர்கள் என்றதும் குருக்களும் துறவியருமே நம் நினைவுக்கு வருகின்றனர். மனைவி மக்களோடு வாழ்ந்து, சம்பளத்துக்கு உழைத்து, அன்றாடக் கடமைகளுக்கிடையே விதைத்த இல்லறத்தாரும் உண்டு. அத்தகையோருள் ஒருவர் தளபதி டிலனாய்.

யூஸ்டாக்கியுஸ் பெனடிக்ட் டிலனாய் 1715-ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பாவில் பிறந்தார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து கடல் கடந்து வந்தார். அக்காலத்தில் மிளகு வாணிபத்தின் பொருட்டு டச்சுக்காரருக்கும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கும் பகை முற்றியிருந்தது. 1741 ஆகஸ்டில் குளச்சல் கடற்கரையில் டச்சுப்படை தோற்றது. டிலனாய் மன்னரிடம் கைதியானார்.

பகைவனின் கையில் சிக்கியவருக்குச் சாவோ சிறையோதான் முடிவு என்று எண்ணுவோம். ஆனால் மன்னர் அவருடைய திறமையைக் கண்டு, தம் வீரர்களுக்குப் போர்ப்பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். டிலனாயும் உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாமல் உழைத்தார். துப்பாக்கிப் பயிற்சியும் பீரங்கி வார்ப்பும் அவர் மேற்பார்வையில் வளர்ந்தன. பத்மநாபபுரத்தை அடுத்த உதயகிரிக் கோட்டை அவர் பொறுப்பில் புதுப்பித்துக் கட்டப்பட்டது. கைதியாய் வந்தவர் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, என்னும் நிலைக்கு உயர்ந்தார்.

பதவி உயர்ந்தபோதும் அவர் தம் வேதத்தை மறைக்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை அலுவலரான நட்டாலம் நீலகண்ட பிள்ளை அவருடைய நண்பர். பொருள் இழப்பாலும் குடும்பத் துன்பங்களாலும் அவர் மனம் சோர்ந்திருந்த வேளையில், டிலனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துக் கூறித் தேற்றினார். அந்த ஆறுதலே விதையாயிற்று. 1745-இல் நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அதன்பின் வந்த சோதனை பெரிது. 1749-இல் தேவசகாயம் சிறைப்பட்டார். கொடிய வேதனைகளுக்குப் பின் 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நண்பரின் உயிரைப் பறித்த அரசின் படைக்கே டிலனாய் மேலும் 25 ஆண்டுகள் தலைமை தாங்கினார். இது எண்ணிப் பார்க்க எளிதான செய்தியன்று. ஒருவருக்கு மரண சாட்சியம் கிடைத்தது; மற்றவருக்கு அந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டே நாள்தோறும் கடமைக்குச் செல்லும் சிலுவை கிடைத்தது. நண்பரைக் காப்பாற்ற இயலாமற்போன வேதனையை அறிந்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் டிலனாயைக் குறைகூற விரையமாட்டார்கள்.

மார்த்தாண்ட வர்மா 1758-இல் காலமானபின் அடுத்த மன்னர் கார்த்திகைத் திருநாள் ராம வர்மாவின் கீழும் அவர் பணி தொடர்ந்தது. 1767 செப்டம்பரில் நம் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஆங்கிலேயரோடு பொருத ஹைதர் அலியை நம்மூர் முதியோர் கதைகளில் கேட்டிருப்போம். அதே ஹைதரின் படையெடுப்பைத் தடுக்கவே மலையாளக் கரையில் நெடுங்கோட்டை என்னும் நீண்ட அரணை டிலனாய் அமைத்தார். அவர் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பின், 1789 டிசம்பரில், திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் அந்த அரணில்தான் முறியடிக்கப்பட்டது.

கோட்டைக்குள்ளேயே ஓர் ஆலயம் எழுப்பிக் குடும்பத்தோடு இறைவனைத் தொழுது வந்தார் டிலனாய். போர்வீரனான தம் மகன் ஜான் இளவயதில் களக்காட்டுப் போரில் மாண்டபோது, பெற்ற மகனை அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யும் துயரமும் அவருக்கு வாய்த்தது. 1777 ஜூன் முதல் நாளில் அவரும் இறைவனடி சேர்ந்தார். இன்று அந்த ஆலயம் கூரையின்றி நிற்கிறது. தந்தை, தாய், மகன் மூவரும் அங்கே அருகருகே துயில்கின்றனர். தளபதியின் கல்லறைக் கல்லில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நியராய் வந்தவர் நம்மவராய் மறைந்தார் என்பதற்கு அதுவே சான்று.

2022 மே 15-இல் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டார். டிலனாய்க்குப் பீடமும் இல்லை, திருநாளும் இல்லை. ஆயினும் சோர்ந்த நண்பனுக்கு அவர் சொன்ன ஆறுதல் வார்த்தை இல்லையேல் அந்தப் புனிதர் நமக்குக் கிடைத்திருப்பாரா? தொழிற்கூடத்திலும் வயலிலும் அலுவலகத்திலும் உழைக்கும் நம் பங்கின் குடும்பத் தலைவர்களே, துயருறும் அயலாரிடம் நாம் சொல்லும் ஒரு வார்த்தையையும் ஆண்டவர் வீணாக்குவதில்லை. இந்த ஜூபிலி ஆண்டில் அந்த வார்த்தையைச் சொல்லும் வரத்தை மன்றாடுவோம்.