விளக்குப் பிடித்த கையில் கஞ்சிரா

மலர்க்குழு நண்பர்கள் கடிதம் போட்டிருந்தார்கள், மூணு பக்கத்துக்கு மிகாமல் ஏதாவது எழுதிக் கொடு என்று. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் பேராசிரியர்களின் பட்டப்பெயர்களைப் பற்றியும் எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அடியேன் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். அவர் நம்ம ஊர்க்காரர் இல்லை, புதுக்கோட்டைக்காரர். ஆனால் அவர் வாசித்த வாத்தியத்தின் சத்தம் மார்கழி விடியற்காலையில் அருப்புக்கோட்டைத் தெருக்களில் தூங்கிக் கொண்டிருந்த உங்களில் பாதிப்பேரை எழுப்பி விட்டிருக்கும். கஞ்சிரா. அவர் பெயர் மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளை என்றும் சொல்வார்கள்.

1850களின் பிற்பகுதியில் பிறந்து, 1920களின் தொடக்கத்தில் மறைந்தவர். நம்ம திருச்சுழியில் 1879 டிசம்பர் 30ஆம் தேதி வக்கீல் சுந்தரமய்யர் வீட்டில் வேங்கடராமன் என்ற குழந்தை, பின்னாளில் ரமண மகரிஷி, பிறந்தபோது, புதுக்கோட்டையில் இவருக்கு இருபதை ஒட்டிய வயது. காலக்கணக்கு மனசில் நிற்பதற்காகச் சொன்னேன். மற்றபடி இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் ராஜாக்களின் சமஸ்தானம். அங்கே கோயில் புறப்பாட்டில் விளக்குப் பிடித்துக்கொண்டு போகிற வேலை இவருக்கு என்று கர்ண பரம்பரையாகச் சொல்கிறார்கள். சுவாமிக்கு முன்னால் நாதஸ்வரமும் தவிலும் போகும், பக்கத்தில் இவர் வெளிச்சம் காட்டிக்கொண்டு நடப்பார். ஊர்வலத்தில் விளக்குக்காரனை யார் பார்க்கப் போகிறார்கள்? வெளிச்சத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்த விளக்குக்காரரின் காது மாரியப்பத் தவில்காரரின் கையை விட்டு நகரவில்லை. கணக்கு எங்கே பிரிகிறது, எங்கே வந்து சேர்கிறது என்று மனசுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறார். கடைசியில் மாரியப்பத் தவில்காரரே இவருக்குக் குருவானார். குலத்தொழிலாக வாத்தியம் இல்லாத ஒருவருக்கு அந்தக் காலத்தில் இப்படிக் கதவு திறந்தது சாதாரண விஷயமில்லை.

இதில் எனக்கு ஆச்சரியம், தவிலில் லயம் கற்றவர் தவிலை எடுக்கவில்லை. மிருதங்கத்தையும் எடுக்கவில்லை. பஜனைக் கோஷ்டியில் யார் வேண்டுமானாலும் தட்டுகிற கஞ்சிராவை எடுத்தார். சுற்றிலும் சலங்கைத் தகடு வைத்துக் கலகலவென்று அடிப்பதற்கு இருந்ததை, ஒரே ஒரு இடத்தில் மட்டும் துளை வைத்துத் தகடு கோத்து, தோலின் நாதம் தனியாகக் கேட்கும்படி செய்தவர் இவர்தான் என்பது வித்வான்கள் மத்தியில் வழங்கும் செய்தி.

வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் செய்த காரியத்தின் பெருமை புரியாது. பலாமர வளையம், குறுக்களவு ஏழு எட்டு அங்குலம்தான். ஒரு பக்கம் மட்டும் உடும்புத் தோல். மறுபக்கம் திறந்து கிடக்கும். மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என்று இரண்டு முகம், இரண்டு கை. கஞ்சிராவுக்கு ஒரே முகம், வாசிப்பது ஒரே கை. இடது கை அதைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். பிடித்தபடியே விரல் நுனியால் தோலை அழுத்தி, கும்கி கொடுக்க வேண்டும். வாசிக்கும் முன் உள்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தடவினால்தான் சுருதி இறங்கி, கனத்த நாதம் வரும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் பத்து நிமிஷத்தில் காய்ந்து டங்கு டங்கென்று கத்த ஆரம்பித்துவிடும், மறுபடி தண்ணீர். இரண்டு கையால் வாசிப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேகத்தை, அதே சொற்களை ஒரு கையால் கொண்டுவருவது என்றால் சும்மாவா!

நான் இதைக் கற்றது அருப்புக்கோட்டையில் ஒரு பஜனை மடத்தில். அப்பா தறி நெய்தவர். வாத்தியாரும் ஒரு நெசவாளர்தான். தறிச்சத்தமே அவருக்குத் தாளம். கால்மிதி மாறுகிற இடத்தில் தட்டு விழவில்லையென்றால் நிமிர்ந்து பார்ப்பார். முதல் ஆறு மாசம் தத், தித், தொம், நம் தவிர வேறெதுவும் இல்லை. இடது மணிக்கட்டு இரவெல்லாம் வலிக்கும். பிறகு தகிட மூணு, தகதிமி நாலு, தகதகிட அஞ்சு, தகிடதகதிமி ஏழு என்று வாயால் சொல்லி, அப்புறம்தான் கையால். கணக்கு என்று பயப்பட வேண்டாம், ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை, ஆக 32. ஏழு மாத்திரைச் சொல்லை மூணு தடவை வாசித்து, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டால் மொத்தம் 25. அப்படியானால் தாளம் ஆரம்பித்து ஏழு மாத்திரை கழித்து எடுத்தால் சரியாகச் சமத்தில் வந்து விழும். பலசரக்குக் கடைக் கணக்கு மாதிரிதான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை மனசில் போட வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

பிற்பாடு பக்கத்து நகரம் ஒன்றில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குப் போய்க் கஞ்சிரா கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். அது கோஷ்டிக்காரர்கள் தட்டுகிற சாமான், மிருதங்கம் என்றால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். மான்பூண்டியா பிள்ளையின் கதையை நான் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அவருக்கும் அதே கேள்வி இருந்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் போய் நின்றால்தான் சங்கீத உலகம் ஒப்புக்கொள்ளும். அங்கே மிருதங்கத்தில் பெரிய பெயர் நாராயணசாமி அப்பா. மகாராஷ்டிர பஜனைப் பத்ததியில் ஊறியவர். அவர் பஜனையில் புதுக்கோட்டைக்காரர் கஞ்சிராவோடு உட்கார, அப்பா பாட, இவர் வாசிக்க, வாசித்து முடித்ததும் அப்பா மனம் திறந்து பாராட்டிக் கச்சேரி உலகத்துக்கு இவரைக் கைகாட்டி விட்டார் என்று சொல்வார்கள். ஒரு மிருதங்க வித்வான், தனக்குப் பக்கத்தில் போட்டியாக இன்னொரு லய வாத்தியம் வரட்டும் என்று இடம் விட்டிருக்கிறார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் தலைவணங்குகிறேன். பஜனையில்தான் அந்த ஒப்புதல் கிடைத்தது என்பதையும் கவனியுங்கள். எந்த இடத்துச் சாமான் என்று கஞ்சிராவை ஒதுக்கினார்களோ, அதே இடத்திலிருந்துதான் அது மேடை ஏறியது.

அதற்குப் பிறகு புதுக்கோட்டை பாணி என்று ஒன்று தனியாகவே பேசப்பட்டது. தவிலிலிருந்து வந்த கணக்கும் கனமும் அதில் தூக்கலாக இருக்கும். கணக்கு மிஞ்சினால் பாடகர் பாடு திண்டாட்டம்தான், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் என் அபிப்பிராயத்தில், அவர் பெருமை வாசித்ததை விடச் சொல்லிக்கொடுத்ததில்தான். சீடர்கள் வரிசையைப் பாருங்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875 - 1936), அரண்மனைச் சேவகத்தில் இருந்தவர் என்பார்கள். மிருதங்கம், கஞ்சிரா, கடம் மூன்றிலும் பேர் பெற்றார். பழனி முத்தையா பிள்ளை, இவர் மகன்தான் இடது கைப் பழக்கத்தோடு மிருதங்கத்தை ஆண்ட பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908 - 1962). அப்புறம் நம்ம பக்கம் வாருங்கள். சேத்தூர் ஜமீன்தார் ஒருவர் இவரிடம் கற்றிருக்கிறார். ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சேத்தூர்தான். விளக்குப் பிடித்தவர் குரு, ஜமீன்தார் சிஷ்யர்! அந்த நாளில் ஜமீன்தார் எதிரில் யார் உட்கார முடியும் என்று நம்ம தாத்தாமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொரு சீடர் ராமநாதபுரம் சித்சபை சேர்வை. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை ராமநாதபுரம் ஜில்லாதான் என்பதால் அவரை நம்மவர் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவர் பிள்ளைகளில் சி.எஸ். சங்கரசிவம் பாட்டுக்குப் போனார், மதுரை டி.என். சேஷகோபாலனுக்குக் குருவானார். சி.எஸ். முருகபூபதி (1914 - 1998) மிருதங்கத்துக்குப் போனார். முருகபூபதியிடம் கற்றவர்களில் ஒருவர் கஞ்சிரா ஹரிசங்கர் (1958 - 2002). அவருடைய தனி ஆவர்த்தனத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரு கையா வாசிக்கிறது என்று கண்ணை நம்ப முடியாது. ஆக மான்பூண்டியா பிள்ளை, சேர்வை, முருகபூபதி, ஹரிசங்கர் என்று நூல் அறுபடாமல் வந்திருக்கிறது. மழை பொய்த்தால் குண்டாற்றில் மணல் மட்டும் ஓடுகிற இந்தச் சீமை வழியாகத்தான் அது வந்தது, காவிரிக்கரை வழியாக மட்டும் இல்லை.

2024ல் கிராமி விருது வாங்கிய சக்தி குழுவில் கஞ்சிரா வாசிப்பவர் நம்ம தமிழ்நாட்டு வி. செல்வகணேஷ். கையில் இருப்பது மட்டும் மான்பூண்டியா பிள்ளை வைத்திருந்த அதே ஒற்றைத் தகடு அமைப்பு.

உடும்புத் தோல் பற்றி ஒரு வார்த்தை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு வருகிறது. பிடிப்பதும் கூடாது, தோலை விற்பதும் கூடாது. கரிசல் காட்டில் உடும்பு ஓடுவதை நானே பார்த்து வளர்ந்தவன், அது பிழைத்திருக்கட்டும். இப்போது ஆட்டுத்தோல் கட்டுகிறார்கள், செயற்கைத் தோலும் வந்துவிட்டது. கும்கி அவ்வளவு குழையவில்லை என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு ஆட்டுத்தோல் பழகிவிட்டது.

எங்கள் பஜனை மடத்தில் இப்போது நாலு பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒரு பெண் பிள்ளை, பவர்லூம் தொழிலாளி மகள், ஏழாம் வகுப்பு. நான் மேலே சொன்ன 25 மாத்திரைக் கணக்கை அவள்தான் முதலில் பிடித்தாள், எடுப்பைத் தானே மாற்றியும் காட்டினாள். வகுப்பு சனி, ஞாயிறு சாயங்காலம். கட்டணம் கிடையாது. மார்கழியில் விடிகாலை அஞ்சு மணிக்கே தெருவில் இறங்கிவிடுவோம். ஊர்ப்பக்கம் வருகிறவர்கள் வந்து நின்று கேளுங்கள். பழைய கஞ்சிரா யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், தோல் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வாருங்கள். பலாமர வளையம் இப்போது விலை அதிகம்.