காக்க வந்த படையே தாக்க வந்தால்...?
(நோபல் மேதை சார்லஸ் ரிஷே வாழ்க்கை வரலாறு)



இறால் சாப்பிட்டால் ஒருத்தருக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கும். இன்னொருத்தருக்குப் பழைய புத்தகத்தைத் தட்டினால் போதும், வரிசையாக இருபது தும்மல். இன்னொருத்தருக்கு பென்சிலின் ஆகாது. இதற்கெல்லாம் நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் அலர்ஜி. நல்ல தமிழில் ஒவ்வாமை.

பேரு எல்லாருக்கும் தெரியும். ஆனால், வெறும் அரிப்பு என்று நாம் அலட்சியம் செய்கிற இந்த விஷயம் அரை மணி நேரத்தில் ஓர் உயிரையே எடுத்துவிடும் என்று ஆராய்ந்து காட்டி, அதற்காக நோபல் பரிசும் வாங்கிய மனிதரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் பிரான்ஸ் நாட்டு சார்லஸ் ரிஷே. அவர் டாக்டர் மட்டுமல்ல. நம்மைப் போல மெஷின் பைத்தியமும் கூட!

பிறப்பும் படிப்பும்

1850 ஆகஸ்ட் 26 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார் ரிஷே. தந்தை ஆல்ஃபிரெட் ரிஷே பெயர் பெற்ற அறுவை மருத்துவப் பேராசிரியர். மகனும் மருத்துவம் படித்தார். ஆனால் கத்தி பிடிப்பதைவிட, உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் உடலியல் துறைதான் அவரை இழுத்தது. 1887-ல் பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியர் ஆனார்.

வெயிலில் ஓடிவந்த நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிறதே, ஏன்? நம்மைப் போல் அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. வேக மூச்சில் ஈரம் ஆவியாகி உடம்புச் சூட்டை இறக்குகிறது. அதாவது வாய்தான் அதன் ரேடியேட்டர்! இதை முறையாக அளந்து ஆராய்ந்தவர்களில் ரிஷே முக்கியமானவர்.

1888-ல் எரிக்கூர் என்பவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். ஒரு கிருமியை எதிர்த்துத் தேறிய நாயின் ரத்தத்தை எடுத்து முயலுக்குச் செலுத்தினார். அந்த முயலுக்கும் அதே கிருமியிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது! எதிர்ப்புச் சக்தியை ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு மாற்ற முடியும் என்பதற்கு இது ஆரம்ப காலச் சான்று. உடம்பின் பாதுகாப்புப் படையின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை வந்தது. அந்தப் படையின் மறுபக்கத்தையும் தானே பார்க்கப் போகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

மெக்கானிக்கல் நண்பர்களே, கவனியுங்கள்!

ரிஷேவுக்கு ஆகாய விமானப் பித்தும் உண்டு. ரைட் சகோதரர்கள் 1903-ல் பறப்பதற்கு முன்பே, 1890-களில், தாத்தேன் என்ற பொறியாளருடன் சேர்ந்து நீராவி எஞ்சின் பொருத்திய ஆளில்லா மாதிரி விமானத்தைச் செய்து கடற்கரையில் பறக்கவிட்டார். பிறகு லூயி பிரகே, ஜாக் பிரகே என்ற சகோதரர்களோடு சேர்ந்து 1907-ல் ஜைரோபிளேன் என்ற எந்திரத்தை உருவாக்கினார். நான்கு மூலையிலும் நான்கு சுழலிகள், நடுவில் எஞ்சின், அதன் பக்கத்தில் ஓட்டுநர். ஆடாமல் இருக்க மூலைக்கு ஒருவராக நாலு பேர் பிடித்துக்கொள்ள, அது ஆளோடு தரையைவிட்டு இரண்டடி எழும்பியது. இரண்டே அடிதான்! ஆனால் ஆளைச் சுமந்து நேராக மேலே எழும்பிய முதல் எந்திரங்களில் அது ஒன்று. இன்று கல்யாண மண்டபத்தில் படம் பிடிக்கும் டிரோனைப் பாருங்கள், அதே நாலு சுழலி!

கப்பலில் பிறந்த கேள்வி

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். மொனாக்கோ நாட்டின் இளவரசர் முதலாம் ஆல்பெர்ட், கடல் ஆராய்ச்சியில் தீராத ஆர்வம் கொண்டவர். 1901-ல் தன் ஆராய்ச்சிக் கப்பலில் ரிஷேவையும், போர்ட்டியே என்ற இளம் விஞ்ஞானியையும் அட்லாண்டிக் கடலுக்கு அழைத்துப் போனார். அந்தக் கடலில் ஃபைசேலியா என்ற உயிரினம் மிதக்கும். பார்க்க நீலப் பலூன் மாதிரி அழகு. அதன் நீண்ட இழைகள் பட்டால் தீப்பட்டது போல் எரியும். நம்ம ஊர் மீனவர்கள் சொறிமீன் என்று ஒதுக்குகிறார்களே, அந்த வகையின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விஷத்தை ஆராயும்படி இளவரசர் கேட்டார்.

பாரிஸ் திரும்பியதும் ஒரு சிக்கல். அங்கே ஃபைசேலியா கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கடல் அனிமோன் என்ற உயிரியின் விஷத்தை எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு விஷம் கொடுத்தால் நாய் சாகும் என்று அளந்தார்கள். குறைவாக விஷம் ஏறிய நாய்கள் பிழைத்தன. பிழைத்த நாய்களைச் சில வாரம் ஓய்வு கொடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள்.

அந்த நாய்களில் ஒன்று நெப்டியூன். பெரிய, திடகாத்திரமான நாய். 1902 ஜனவரியில் அதற்குக் கொஞ்சம் விஷம் செலுத்தினார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆரோக்கியமாக வளைய வந்தது. மூன்று வாரத்துக்கும் மேல் ஓடிவிட்டது. பிப்ரவரியில் மறுபடியும் சிறிய அளவே செலுத்தினார்கள். சில நொடிகள்தான்! நாய்க்கு மூச்சு இரைத்தது. நிற்க முடியாமல் சரிந்தது. ரத்த வாந்தி எடுத்தது. 25 நிமிடத்தில் இறந்துவிட்டது.

அன்றைய அறிவியல் என்ன சொன்னது? ஒரு விஷம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குப் பழகினால் அடுத்த முறை தாங்கும் சக்தி கூடும். தடுப்பூசியின் அடிப்படையே அதுதானே! இங்கேயோ நேர்மாறாக நடந்திருக்கிறது. வேறொருவராக இருந்தால், ஊசியில் ஏதோ கோளாறு, அளவில் ஏதோ தப்பு என்று நோட்டை மூடிவிட்டு அடுத்த நாயைத் தேடியிருப்பார். ரிஷே அப்படி விடவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். அதே முடிவு! நாய் பலவீனமாக இருந்ததால் சாகவில்லை; முதல் ஊசி அதன் உடம்பை மாற்றி வைத்திருந்தது. அந்த மாற்றத்துக்குச் சில வார அவகாசம் வேண்டும் என்றும் கண்டார்கள்.

1902 பிப்ரவரியிலேயே பாரிஸ் உயிரியல் சங்கத்தில் இதை அறிவித்தார்கள். கிரேக்கச் சொற்களைக் கொண்டு அனபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். பாதுகாப்புக்கு எதிரானது என்பது அதன் கருத்து. 1913-ல் ரிஷேவுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கூடவே உழைத்த போர்ட்டியேவுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

அப்படி உள்ளே என்னதான் நடக்கிறது?

ரிஷேவுக்கு விடை முழுதும் தெரியாது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாக நிரப்பினார்கள். 1906-ல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் பிர்க்கே, அலர்ஜி என்ற சொல்லை உருவாக்கினார். 1966, 67 ஆண்டுகளில் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதி இஷிசாகாவும், சுவீடன் நாட்டு விஞ்ஞானிகளும் இதற்குக் காரணமான ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புப் புரதத்தைக் கண்டறிந்தனர்.

நம்ம பாஷையில் சொன்னால், முதல் தடவை நடப்பது வயரிங் வேலை. கடலையோ, இறாலோ, குளவி விஷமோ, மருந்தோ உள்ளே போகிறது. சிலருடைய உடம்பு அதைப் பகைவன் என்று தவறாகக் குறித்துக்கொண்டு ஐ.ஜி.ஈ. தயாரிக்கிறது. அது மாஸ்ட் செல் என்ற செல்களின் மேல் போய் உட்காருகிறது. வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. அடுத்த தடவை அதே பொருள் வந்தால் சுவிட்ச் போட்ட மாதிரி அத்தனை செல்லும் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகிறது. மூக்கில் மட்டும் நடந்தால் தும்மல், தோலில் மட்டும் நடந்தால் தடிப்பு. உடம்பு முழுக்க நடந்தால் மூச்சுக்குழல் சுருங்குகிறது, ரத்தக் குழாய்கள் தளர்கின்றன, ரத்த அழுத்தம் சரிகிறது. அதுதான் நெப்டியூனுக்கு வந்த அனபிலாக்சிஸ்.

மேதையின் மறுபக்கம்

ரிஷேவைப் புகழ்ந்து மட்டும் முடித்தால் நியாயமாகாது. ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னவர்களை அவர் பல வருடம் நம்பினார். எக்டோபிளாசம் என்ற சொல்லை அந்தத் துறைக்குக் கொடுத்தவரே அவர்தான். மனித இனங்களில் உயர்வு தாழ்வு உண்டு என்று எழுதினார். பலவீனமானவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்ற இனமேம்பாட்டுக் கொள்கையைப் பரப்பிய பிரெஞ்சுச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். போர் வேண்டாம் என்று வாழ்நாளெல்லாம் பேசிய அதே மனிதர்தான் இவரும்! தான் நம்பியதற்கு மாறாக நாய் செத்தபோது, நம்பிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சோதனையை ஏற்ற ரிஷே மேதை. சான்றே இல்லாமல் நம்பிய ரிஷே சாதாரண மனிதர். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது. 1935 டிசம்பர் 4 அன்று பாரிஸில் காலமானார்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

நெப்டியூன் நமக்குச் சொல்லிவிட்டுப் போன பாடம் இதுதான். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது உத்தரவாதம் கிடையாது. போன தடவை லேசான தடிப்புதான் வந்தது என்பது ஓர் எச்சரிக்கை. ஹாஸ்டலில் ஒருவன் இறால் வேண்டாம் என்றால், சும்மா ஒரு வாய் சாப்பிடுடா என்று வாயில் திணிப்பது விளையாட்டல்ல. எந்த டாக்டரிடம் போனாலும் ஆகாத மருந்தின் பேரை முதலில் சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சாதாரணத் தும்மலுக்கும் தடிப்புக்கும் டாக்டர் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை கொடுப்பார். 1937-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவெ தொடங்கிவைத்த மருந்து வகை அது. அவருக்கும் 1957-ல் நோபல் கிடைத்தது. ஆனால் அதில் பழைய ரக மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். போட்டுக்கொண்டு லேத் முன்னால் நிற்காதீர்கள்!

ஒர்க்ஷாப்பிலும் அலர்ஜி உண்டு. சிவில்காரர்களுக்கு சிமெண்டில் உள்ள குரோமியம், மெக்கானிக்கல்காரர்களுக்கு கூலண்ட் ஆயில், எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு சால்டரிங் ஃபிளக்ஸ் புகை. கையில் வரும் இந்தத் தோல் அலர்ஜி பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்து மெதுவாக வரும் வேறு வகை. உயிரை எடுக்காது, ஆனால் பார்க்கும் வேலையையே விடவைத்துவிடும். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். ஃபிளக்ஸ் புகையோ ஆஸ்துமாவையே கொண்டுவரக் கூடியது. புகை வெளியேற வழி செய்துவிட்டு சால்டரிங் அயர்னைத் தொடுங்கள்.

ஆனால், குளவி கொட்டியோ, ஊசி போட்டோ, ஏதாவது சாப்பிட்டோ சில நிமிடங்களில் ஒருவருக்கு உதடும் நாக்கும் வீங்கி, குரல் கம்மி, மூச்சுத் திணறி, தலை சுற்றி விழுந்தால், அது அனபிலாக்சிஸ். அப்போது மாத்திரை தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. உயிர் காக்கும் மருந்து ஒன்றே ஒன்று: அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். சாதாரண ஆஸ்பத்திரியிலும் இருக்கும், விலையும் அதிகமில்லை. தாமதம்தான் எதிரி. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவரைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். தேறிய பிறகும் சில மணி நேரம் டாக்டர் கண்காணிப்பில் இருக்கட்டும். அடங்கியது மறுபடி கிளம்புவதுண்டு.

நண்பர்களே! நெப்டியூன் செத்த அன்று ரிஷே நோட்டை மூடியிருந்தால், அது கணக்கில் வராத ஒரு நாயாகவே போயிருக்கும். நம் லேபிலும் ரீடிங் எதிர்பார்த்தபடி வராத நாள் உண்டு. பக்கத்து பெஞ்சைப் பார்த்துத் திருத்தி எழுதும் முன், ஏன் இப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசிப்போம். தப்பாக வந்த ரீடிங்கிலும் ஓர் உண்மை ஒளிந்திருக்கலாம்!