சிறுத்தொண்ட நாயனார்: பக்தியின் எல்லை எது?

மாணவர்களே, அறுபத்து மூன்று நாயன்மார் வரலாறுகளுள் படிப்பதற்கு மிகக் கடினமானது சிறுத்தொண்டர் வரலாறு. சம்பவங்கள் இலகுவாக மனதில் நிற்கும். ஆனால் அவற்றை ஏற்றுக்கொள்வதுதான் கடினம். அடியாருக்கு உணவிடுவதற்காகத் தம் ஒரே மகனை அரிந்து கறி சமைத்தவர் எப்படி நாயனாராகப் போற்றப்படலாம் என்று நீங்கள் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வி. கதையை மட்டும் ஒப்புவித்துவிட்டு இக்கேள்வியை விட்டுவிட்டால் விடை பாதியிலேயே நின்றுவிடும். எனவே முதலில் வரலாற்றை ஒழுங்காக அறிந்துகொண்டு, பின்னர் அதன் பொருளை ஆராய்வோம்.

1. பிறப்பும் இளமையும்

சோழநாட்டில் காவிரியின் தென்கரையில் உள்ள திருச்செங்காட்டங்குடியே இவரது ஊர். அங்குள்ள சிவாலயம் கணபதீச்சரம் எனப்படும். இவர் மாமாத்திரர் குலத்திற் பிறந்தார். இயற்பெயர் பரஞ்சோதியார். ஆயுர்வேதம், வடமொழிக் கலைகள், படைக்கலப் பயிற்சி, யானையேற்றம், குதிரையேற்றம் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றார். இத்தனை கற்றும் இவரது உள்ளம் சிவன் திருவடியையே நாடி நின்றது எனச் சேக்கிழார் காட்டுகிறார்.

2. வாதாபிப் போர்

பரஞ்சோதியார் அரசனிடம் படைத்தலைவராக இருந்து, வடபுலத்து வாதாபி நகரை வென்று, மணிகளும் யானைகளும் குதிரைகளும் கொண்டுவந்து அரசன் முன் வைத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அரசனின் பெயரை அந்நூல் கூறவில்லை. முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் (கி.பி. 630 - 668) கி.பி. 642இல் இரண்டாம் புலிகேசியை வென்று வாதாபியைக் கைப்பற்றியமையால், அவ்வரசன் இவனே என வரலாற்றாசிரியர் கொள்வர். வாதாபி என்பது இன்றைய கர்நாடக மாநிலத்தின் பாதாமி ஆகும். இதைக் கொண்டு சிறுத்தொண்டரின் காலம் 7ஆம் நூற்றாண்டு எனத் துணியலாம். திருஞானசம்பந்தர் திருச்செங்காட்டங்குடிக்கு வந்து இவரோடு நட்புக் கொண்டமையும், தம் தேவாரத்தில் இவர் பெயரைக் குறித்துப் பாடியமையும் இக்காலக் கணிப்பிற்கு வலுச் சேர்க்கின்றன.

வெற்றியைக் கண்டு வியந்த அரசனுக்கு, இவர் சிவனடியார் என்பதை அமைச்சர்கள் எடுத்துரைத்தனர். ஓர் அடியாரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டோமே என அரசன் அஞ்சி வருந்தினான். பொருள் பல கொடுத்து, இனித் திருத்தொண்டே செய்யும்படி ஊருக்கு அனுப்பினான். இவ்விடத்தைக் கவனியுங்கள். வாளைக் கீழே வைத்துவிட்டு வந்த ஒருவரின் கையிலேயே கதை மீண்டும் வாளைக் கொடுக்கப்போகிறது.

3. சிறுத்தொண்டர் என்ற பெயர்

ஊர் திரும்பியவர் திருவெண்காட்டு நங்கையை மணந்தார். நாள்தோறும் சிவனடியாரை முன் உண்ணச் செய்து, பின்பே தாம் உண்பது அவரது நியமம். அடியார் முன் தம்மை மிகச் சிறியவராக ஒடுக்கிக்கொண்டு பணிசெய்தமையால் சிறுத்தொண்டர் எனப்பட்டார். இவர்களுக்குச் சீராளதேவர் என்ற ஆண்குழந்தை பிறந்தது. உரிய வயதில் பிள்ளையைப் பள்ளியில் அமர்த்தினர். வீட்டில் சந்தனத்தாதியார் என்ற பணிப்பெண்ணும் இருந்தார். நான்கு பேர் கொண்ட இந்த இல்லத்திற்குத்தான் சோதனை வருகிறது.

4. வயிரவர் வருகை

ஒருநாள் உணவுகொள்ள அடியார் எவரும் வரவில்லை. சிறுத்தொண்டர் தேடி வெளியே சென்றார். அவ்வேளை சிவபெருமான் வயிரவக் கோலத்தில் அவரது வீட்டுக்கு வந்தார். பெண்கள் தனித்திருக்கும் வீட்டில் நுழையோம் என்று கூறி, கணபதீச்சரத்து ஆத்தி மரத்தின் கீழ்ச் சென்று அமர்ந்தார். வெறுங்கையுடன் திரும்பிய சிறுத்தொண்டர் செய்தி அறிந்து மகிழ்ந்து ஓடிச் சென்று வணங்கி அழைத்தார்.

வயிரவர் உடனே இணங்கவில்லை. தமக்கு உணவளிப்பது உம்மால் முடியாது என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பசுவைக் கொன்று உண்பது தம் வழக்கம் என்றும், அந்நாள் இன்றே என்றும் கூறினார். தம்மிடம் மூவகை நிரைகளும் உண்டு, எதுவும் அரிதன்று எனச் சிறுத்தொண்டர் மகிழ்ந்தார். அதன் பின்னரே தாம் குறித்த பசு ஐந்து வயதுள்ள மனிதப் பிள்ளை என்று வயிரவர் விளக்கினார். நிபந்தனைகளும் ஒவ்வொன்றாக வந்தன:

- பிள்ளை உறுப்பிற் குறைவற்றதாக இருத்தல் வேண்டும்.
- ஒரு குடிக்கு ஒரே மகனாக இருத்தல் வேண்டும்.
- தாய் பிடிக்கத் தந்தை அரிதல் வேண்டும்.
- இருவரும் மனம் உவந்து செய்தல் வேண்டும்.

சிறுத்தொண்டர் உடன்பட்டார். வந்தவர் இறைவன் என்பதை அவர் அறியார். தமக்குத் தெரிந்தவரை, பசித்து வந்த ஓர் அடியாருக்கே அவர் வாக்குக் கொடுத்தார்.

5. பெற்றோரின் முடிவு

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கூறியபோது, அத்தகைய பிள்ளையை எங்கே பெறுவது என்ற கேள்வி எழுந்தது. நிறையப் பொருள் கொடுத்தால் பிள்ளையைத் தருவார் இருக்கலாம், ஆனால் நேரே நின்று தம் பிள்ளையை அரியும் தாய் தந்தையர் இல்லை என்று சிறுத்தொண்டர் சொன்னார். ஆகவே தம் மகனையே அழைப்பது என இருவரும் முடிவு செய்தனர்.

மாணவர்களே, இந்த வரலாற்றின் மிக நுட்பமான இடம் இதுவே. சிறுத்தொண்டர் செல்வர். ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையைப் பொன் கொடுத்து வாங்கித் தம் நியமத்தைக் காத்துக்கொள்ளும் வழியை வயிரவரின் நிபந்தனை அடைத்துவிடுகிறது. பக்தியின் பெயரால் வரும் இழப்பை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட இங்கே இடமில்லை. உலகில் தியாகம் கேட்கப்படும் இடங்களில் கேட்பவர் ஒருவராகவும் இழப்பவர் வேறொருவராகவும் இருப்பதே பெரும்பாலும் நடப்பது. அந்தத் தப்பிக்கும் வாசல் இக்கதையில் மூடப்பட்டிருக்கிறது.

தந்தை பள்ளிக்குச் சென்றார். ஓடிவந்த பிள்ளையைத் தோளில் சுமந்து வந்தார். தாய் குழந்தையை ஒப்பனை செய்து கணவர் கையில் கொடுத்தார். பின் தாய் கால்களை மடியில் இடுக்கி, கைகளைத் தம் கையாற் பிடித்தார். பெற்றோர் மகிழ்கிறார்கள் என்று எண்ணிப் பிள்ளையும் சிரித்தது. தந்தை தம் கடமையைச் செய்தார். தலை அமுதுக்கு ஆகாது என்று அதனைத் தாதியாரிடம் கொடுத்துவிட்டு, தாய் ஏனையவற்றைச் சமைத்தார்.

6. மகனை அழைத்தல்

வயிரவர் வந்து அமர்ந்ததும் தலை இறைச்சியையும் கேட்டார். அதையும் கேட்கக்கூடும் என எண்ணித் தாதியார் முன்னரே சமைத்து வைத்திருந்தார். அடுத்து, உடன் உண்ண ஓர் அடியார் வேண்டும் என்றார். வெளியே எவரும் இல்லாமையால் சிறுத்தொண்டரே அமர்ந்தார். இறுதியாக உம் மகனையும் அழையும் என்றார். அவன் இப்போது உதவான் என்று மட்டுமே சிறுத்தொண்டரால் சொல்ல முடிந்தது. மகன் வராமல் உண்ணோம் என்றார் வயிரவர்.

இல்லாத மகனை வாசலில் நின்று அழைக்கும்படி ஆயிற்று. கணவனும் மனைவியும் வெளியே சென்று அழைத்தனர். பள்ளியிலிருந்து ஓடிவருபவர் போலச் சீராளதேவர் ஓடிவந்தார். தாய் வாரி எடுத்தார். உள்ளே வந்து பார்த்தபோது வயிரவரும் இல்லை, கறியும் இல்லை. சிறுத்தொண்டர் திகைத்து வெளியே வர, உமையம்மையோடும் முருகனோடும் இறைவன் இடபத்தின்மேற் காட்சி அளித்தார். நால்வருக்கும் திருவடிப்பேறு கிடைத்தது. அந்த நால்வருள் பணிப்பெண்ணும் ஒருவர் என்பதை மறவாதீர்கள். சித்திரைப் பரணி இவரது குருபூசை நாள். அமுது படையல் விழா இன்றும் திருச்செங்காட்டங்குடியில் நடைபெறுகிறது.

7. இதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

(அ) வல்வினை என்ற கருத்து. பதினான்கு மெய்கண்ட சாத்திரங்களுள் ஒன்றாகிய திருக்களிற்றுப்படியார், சிவதன்மத்தை மெல்வினை, வல்வினை என இரண்டாக வகுக்கிறது. சரியை, கிரியை போன்ற யாவரும் செய்யத்தக்கவை மெல்வினை. சிறுத்தொண்டர் செயலை அந்நூல் வல்வினையிற் சேர்க்கிறது. அது இரக்கமற்ற கொலைச்செயல், கொடிய செயல் என்பதையும் அந்நூல் மறைக்கவில்லை. சைவ சித்தாந்தம் இச்செயலின் கொடுமையை மூடி மெழுகவில்லை என்பதற்கு இது சான்று. நான் என்ற முனைப்பு முற்றாக அற்ற நிலையில் நிகழ்ந்தது என்பதாலேயே அது சிவதன்மமாகக் கொள்ளப்படுகிறது.

(ஆ) பின்பற்றுவதற்கு அன்று. பட்டினத்தார் பெயரில் வழங்கும் ஒரு பாடல், வாளால் மகனை அரிந்து ஊட்டும் வல்லமை தமக்கு இல்லை என்று கூறுகிறது. திருநீலகண்டர், கண்ணப்பர் ஆகியோரின் செயல்களும் தம்மால் இயலாதவை என அதே பாடல் சொல்கிறது. துறவியே இப்படிச் சொல்கிறார் என்றால், இவ்வரலாறு வழிபடுவதற்கு உரியதேயன்றிச் செய்து பார்ப்பதற்கு உரியதன்று என்பது விளங்கும். எந்தக் காலத்திலும் எவரும் இதைக் காட்டி ஒரு பிள்ளைக்குத் தீங்கு செய்ய நியாயம் தேட முடியாது.

(இ) ஏனைய நாயன்மாருடன் ஒப்பீடு. கண்ணப்பர் தம் கண்ணைக் கொடுத்தார். அரிவாட்டாயர் தம் கழுத்தை அரிய முனைந்தார். இவர்கள் கொடுத்தவை தம்முடையவை. சிறுத்தொண்டர் கொடுத்தது இன்னோர் உயிர். வகுப்பில் இப்பாடத்தைப் படிப்பிக்கும்போது மாணவர் சிலர், பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா என்று வினவுவதுண்டு. கேட்கவில்லை. பிள்ளை சிரித்தது, விளங்கிச் சம்மதித்தது அன்று. பிள்ளை பெற்றோரின் உடைமை என்று கருதப்பட்ட காலத்தில் எழுந்த கதை இது. தம்மைக் கொடுப்பதற்கும் தம்மை நம்பியிருப்பவரைக் கொடுப்பதற்கும் இடையில் உள்ள வேறுபாட்டை நீங்கள் விடையில் எழுதத் தயங்க வேண்டாம். பக்தியின் எல்லை பற்றிய வினா அங்கேதான் பிறக்கிறது.

(ஈ) பிற சமய மரபு. ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிட முற்பட்ட வரலாறு விவிலியத்தின் ஆதியாகமத்தில் உள்ளது. இஸ்லாமிய மரபில் நபி இப்றாஹீம், மகன் இஸ்மாயீல் எனப் பெரும்பாலும் கொள்ளப்படும் அந்நிகழ்வை ஹஜ்ஜுப் பெருநாள் நினைவுகூர்கிறது. அங்கே கத்தி இறங்குமுன் இறைவன் தடுத்து, மாற்றாக ஓர் ஆட்டைத் தருகிறார். இங்கே செயல் முடிந்த பின்னரே பிள்ளை மீள்கிறது. அங்கே கேட்டது இறைவன் எனத் தந்தை அறிவார். இங்கே அறியார். ஆயினும் இரண்டு மரபும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: இறுதியில் இறைவன் பிள்ளையை எடுத்துக்கொள்வதில்லை. உயிரோடு பெற்றோரிடமே திருப்பித் தருகிறான்.

8. நினைவிற் கொள்க

- சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் இவரது ஊரையும் பெயரையும் மட்டுமே குறிப்பிடுகிறார். விரிவான வரலாற்றைத் தருவது 12ஆம் நூற்றாண்டில் எழுந்த சேக்கிழாரின் பெரியபுராணமே. எனவே நாயனார் காலத்துக்கும் நூலின் காலத்துக்கும் இடையில் ஏறத்தாழ 500 ஆண்டுகள் உள்ளன. வாதாபிப் போரை வரலாற்றுச் செய்தியாகவும், வயிரவர் வருகையைப் புராணச் செய்தியாகவும் பிரித்து எழுதுக.
- வாதாபியிலிருந்து கணபதி திருவுருவத்தைக் கொண்டுவந்தார் என்பது வழக்கிலுள்ள செய்தி. பெரியபுராணம் அதைக் கூறவில்லை.
- யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனநடையில் 1852இல் பதிப்பித்தார். நம் நாட்டுச் சைவ இல்லங்களில் இவ்வரலாறு பரவ அது பெரிதும் உதவியது.

9. பயிற்சி வினாக்கள்

1. சிறுத்தொண்டர் என்ற பெயர்க் காரணத்தை விளக்குக.
2. வயிரவர் விதித்த நிபந்தனைகளைக் குறிப்பிட்டு, அவற்றுள் ஒன்றன் முக்கியத்துவத்தை ஆராய்க.
3. மெல்வினை, வல்வினை ஆகியவற்றை உதாரணங்களுடன் வேறுபடுத்துக.
4. பக்திக்கும் எல்லை உண்டு என்னும் கூற்றைச் சிறுத்தொண்டர் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு மதிப்பிடுக.

நான்காம் வினாவுக்கு விடை எழுதும்போது ஒரு பக்கத்தை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். நாயனாரின் தன்னலமற்ற உறுதியையும் எழுதுங்கள், பேச வாய்ப்பளிக்கப்படாத சீராளனையும் எழுதுங்கள். இரண்டையும் எடைபோட்டு நீங்கள் எடுக்கும் முடிவு எதுவாயினும், காரணம் காட்டி எழுதினால் அது நல்ல விடையாகும்.