தியோபால்ட் ஸ்மித்தும் கன்றுக்குட்டிகளும்

சால்மோனெல்லா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். இங்கே அமெரிக்காவில் முட்டையையோ கீரையையோ கடைகளிலிருந்து திரும்பப் பெறும்போதெல்லாம் செய்தியில் அடிபடும் கிருமி. 1885-இல் வேளாண் துறையின் கால்நடைப் பிரிவில் அதைப் பன்றிகளிடம் கண்டு பிரித்தெடுத்தவர் தியோபால்ட் ஸ்மித். பெயர் போனதோ அவருடைய மேலதிகாரி டேனியல் சால்மனுக்கு. (மென்பொருள் துறையில் இது எங்களுக்குப் பழகிய கதை என்பதால் ஸ்மித்தின் மேல் எனக்குத் தனிப் பரிவு உண்டு.)

1859-இல் ஆல்பனி நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவப் பட்டம் பெற்றும் வைத்தியத்தைத் தொழிலாகக் கொள்ளவில்லை. மாடுகளைக் கொன்ற டெக்சாஸ் காய்ச்சல் உண்ணி வழியே பரவுகிறது என்று 1893-இல் கில்போர்னுடன் சேர்ந்து நிறுவினார். செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவுக்குள் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். பின்னர் ஹார்வர்டில் இருபது வருடங்கள்.

எனக்குப் பிடித்த ஸ்மித் அதற்கும் பிந்தியவர். 1915-இல் பிரின்ஸ்டனில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் விலங்கு நோய்ப் பிரிவுக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. அந்த வயதில் கன்றுகளின் சாணத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க உட்கார்ந்தார். கிரேபில் என்பவருடன் 1918-இல் வெளியிட்ட கட்டுரை, இளங்கன்றுகளின் குடலைத் தாக்கும் காக்சிடியா பற்றியது. ஒரே செல் கொண்ட ஒட்டுண்ணி அது. சாணத்தோடு வெளியேறும் அதன் முட்டை போன்ற கூடு, ஈரமும் காற்றும் கிடைத்தால் சில நாட்களில் தொற்றும் நிலைக்கு வருகிறது. கன்று எதையாவது நக்கும், உள்ளே போகும். குடல் செல்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கும். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து ரத்தம் கலந்த கழிச்சல். அதற்குள் குடலின் உட்சுவர் பாழாகியிருக்கும். வளர்ந்த மாடுகளோ நோய்க்குறி ஏதுமின்றி அதே ஒட்டுண்ணியைச் சுமந்து தொழுவமெங்கும் விதைக்கும். காய்ந்த தரையும் புதிய வைக்கோலும் பாதி மருந்து என்பது இதனால்தான்.

1922-இல் லிட்டிலுடன் செய்த சோதனை இன்னும் எளிமையானது. சீம்பால் மறுக்கப்பட்ட கன்றுகளில் பெரும்பாலானவை இறந்தன, குடித்தவை பிழைத்தன. காக்சிடியாவை அது தடுத்துவிடாது. ஆனால் முதல் நாட்களில் கொல்லும் பாக்டீரியாக்களுக்கு எதிரான காப்பு அதில் இருக்கிறது. கன்றின் குடல் அதை அப்படியே உறிஞ்சுவது முதல் ஒரு நாள் மட்டுமே. நம் ஊரில் சீம்பாலில் வெல்லம் போட்டுக் கிண்டிச் சாப்பிடுகிறோம். கன்று வயிறாரக் குடித்த பிறகு கறந்ததாக இருந்தால் சரி.

1927-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் மாட்டுக் காக்சிடியா ஒன்றுக்கு ஐமீரியா ஸ்மிதி என்று அவர் பெயரைச் சூட்டினார்கள். அது ஏற்கெனவே பெயரிடப்பட்ட ஐமீரியா போவிஸ்தான் என்று பிற்பாடு தெரியவர, அந்தப் பெயரும் கைவிடப்பட்டது. ஸ்மித் 1934 டிசம்பரில் காலமானார்.