சை யங்

சை யங் (மார்ச் 29, 1867 – நவம்பர் 4, 1955) அமெரிக்காவைச் சேர்ந்த புகழ் பெற்ற பேஸ்பால் எறிவாளர் ஆவார். இவரது இயற்பெயர் டென்டன் ட்ரூ யங். முதன்மைக் கூட்டிணைவு ஆட்டங்களில் இவர் பெற்ற 511 வெற்றிகள் இன்றளவும் முறியடிக்கப்படாத சாதனையாகும். பெர்ஃபெக்ட் கேம் எனப்படும் முழுமை ஆட்டம் எது, எது அன்று என்பதை அறிய விரும்புவோர்க்கு இவரது மூன்று ஆட்டங்களே போதிய விளக்கமாகும்.

வாழ்க்கைக் குறிப்பு

ஒகைய்யோ மாநிலத்தின் கில்மோர் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். 1890 இல் கான்டன் நகர அணியில் ஆடியபோது, இவர் எறிந்த பந்துகள் பட்டு மைதானத்தின் மரவேலி சூறாவளியில் சிக்கியது போல் சிதைந்தது என்றும், அதனால் சூட்டப்பட்ட 'சைக்ளோன்' என்னும் பட்டப்பெயரே சுருங்கிச் 'சை' ஆயிற்று என்றும் கூறுவர். அதே ஆண்டில் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் அணியில் சேர்ந்தார். 1901 இல் பாஸ்டன் அணிக்கு மாறினார். 1903 இல் நடைபெற்ற முதலாவது உலகத் தொடரை அவ்வணி வென்றது.

முழுமை ஆட்டம்

பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது ஆட்டப்பகுதிகள். பகுதிக்கு மூவர் வீதம் 27 பேரை வெளியேற்ற வேண்டும். எதிரணி மட்டையாளர் ஒருவர்கூட எவ்வழியிலும் முதல் தளத்தை அடையாமல், வந்த வரிசையிலேயே அனைவரும் வெளியேறினால் அது முழுமை ஆட்டம். பந்தை அடித்து ஓடித் தளம் சேர்ந்தாலும், எறிவாளர் எல்லைக்குப் புறம்பாக நான்கு பந்துகள் எறிந்து இலவச நடை கொடுத்தாலும், பந்து உடலில் பட்டாலும், களத்தர் பிழையால் மட்டையாளர் தளம் சேர்ந்தாலும் முழுமை கெட்டுவிடும். ஆனால் தளம் சேர விடாத பிழையால் கெடாது. துடுப்பாட்டத்தில் பத்து இலக்குகளையும் ஒருவரே வீழ்த்துவதோடு இதனை ஒப்பிடலாம் என்றாலும், 1999 இல் தில்லியில் அச்சாதனை புரிந்த அனில் கும்ப்ளே 74 ஓட்டங்களைக் கொடுத்திருந்தார். இங்கோ ஒருவர் தளத்தில் நிற்பதற்கும் இடமில்லை.

மூன்று ஆட்டங்கள்

செப்டம்பர் 18, 1897 இல் சின்சினாட்டி அணிக்கு எதிராக யங் இலவச நடை எதுவும் தரவில்லை. எனினும் அவரது அணியினர் நான்கு பிழைகள் செய்தனர். அவற்றுள் ஒன்றைக் கணக்கர் முதலில் அடி எனப் பதிந்தார். எட்டாம் பகுதிக்குப் பின் மூன்றாம் தளக் களத்தர், அது தம் பிழையே என்று சீட்டு எழுதி அனுப்பவே கணக்கு திருத்தப்பட்டது. அதனால் 'அடியில்லா ஆட்டம்' என்னும் பெருமை யங்கிற்குக் கிடைத்தது. அவரோ அதனை ஏற்கவில்லை. தம்மளவில் ஓர் அடி விழுந்த ஆட்டமே அது என்று பின்னாளில் கூறினார். ஏட்டுக் கணக்கை விட இவரது நேர்மையே நினைவில் நிற்கிறது எனலாம்.

மே 5, 1904 இல் பாஸ்டனில் பிலடெல்பியா அணியின் 27 மட்டையாளர்களையும் வரிசையாக வெளியேற்றி 3–0 என வென்றார். அவர்களுள் எண்மரே பந்தை அடிக்கத் தவறி வெளியேறினர். ஏனைய 19 பேரையும் வெளியேற்றியதில் களத்தர்க்கும் பங்குண்டு. இறுதியாக வெளியேறியவர் எதிரணியின் எறிவாளரான ரூப் வாடெல். 1880 இல் இருவர் முழுமை ஆட்டம் ஆடியிருந்தனர். ஆனால் அக்காலத்தில் எறியும் தொலைவு 45 அடியே. 1893 இல் ஏற்பட்ட, இன்றும் வழங்கும் 60 அடி 6 அங்குலத் தொலைவில் இதுவே முதலாவது.

ஜூன் 30, 1908 இல், தமது 41 ஆம் வயதில், நியூயார்க் அணியின் முதல் மட்டையாளருக்கு இலவச நடை கொடுத்தார். அவர் இரண்டாம் தளத்தைத் திருட முயன்று வெளியேற்றப்பட்டார். அடுத்து வந்த 26 பேரும் வரிசையாக வெளியேறினர். ஆக மட்டை பிடித்தவர்கள் 27 பேரே. ஆயினும் ஒருவர் தளம் சேர்ந்துவிட்டமையால் இது முழுமை ஆட்டமன்று.

1991 இல் முதன்மைக் கூட்டிணைவு இவ்வரையறையை உறுதிசெய்தது. 1880 முதல் 2023 வரை 24 முழுமை ஆட்டங்களே ஏற்கப்பட்டுள்ளன.

இறுதிக்காலம்

1911 இல் ஓய்வு பெற்று ஒகைய்யோவில் வேளாண்மைக்குத் திரும்பினார். 1937 இல் பேஸ்பால் புகழ் மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1955 இல் தமது 88 ஆம் வயதில் காலமானார். 1956 முதல் சிறந்த எறிவாளருக்குச் 'சை யங் விருது' வழங்கப்படுகிறது. 1967 முதல் இரு கூட்டிணைவுகளுக்கும் தனித்தனியே வழங்கப்பட்டு வருகிறது.